நகைக்கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் ஆறாயிரம்

திங்கட்கிழமையிலிருந்து உங்களைத் தனித்தனியாக வெளிவேலைக்கு அனுப்பப் போகிறார்கள். இதுவரை நம் மயிலாப்பூர் கடையின் மாடியில், ஏசி ஓடும் அறையில், துடைத்து வைத்த மேசைமேல் கம்ப்யூட்டர்களைக் கோத்துக்கொண்டிருந்தீர்கள். இனி அடுத்தவர் வீட்டிலும் கடையிலும் போய் நிற்பீர்கள். நான் அந்த வேலையிலிருந்து இறங்கி, அடையாறு கிளையின் பொறுப்புக்குப் போகிறேன். முப்பது வயதுகூட ஆகாதவன் பென்ஷன் வாங்குகிறவர்போல அனுபவம் சொல்ல வந்துவிட்டானே என்று சிரிக்காதீர்கள். டூல் பையை மாட்டிக்கொண்டு பைக்கில் அலையும் வேலையில் வயது வேறு கணக்கில்தான் ஏறும்.

எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். ஊரூர் குப்பத்தில் அப்பா படகுக்குப் போகிறார், அம்மா மீன் விற்கிறார். "உன் பையன் இன்னா வேல பாக்குறான்?" என்று யாராவது கேட்டால் அம்மா சொல்வது ஒன்றுதான்: "பொட்டியத் தெறந்து மூடுவான்." நான் திருத்தியதில்லை. பெட்டியை எப்போது திறக்க வேண்டும், எப்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்று தெரிந்திருப்பதற்குத்தானே நமக்குச் சம்பளம்.

எந்தத் துளையில் எந்த மெமரி ஸ்டிக், எந்த ஸ்க்ரூவை எவ்வளவு திருகுவது என்பதெல்லாம் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தாகிவிட்டது. அதை நான் தொடப்போவதில்லை. ஒரே ஒரு நாளைப் பற்றிச் சொல்கிறேன். எனக்கு மிகவும் பெருமையான நாள் அது.

தி.நகரில் பனகல் பூங்காவுக்குப் பின்னால் ஒரு சந்தில் நகைக்கடை. முதலாளி தென்மாவட்டத்துக்காரர். கடையில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. நம்மிடம் புதிய மெமரி வாங்கிப்போய், அதை அவருடைய தங்கை மகனே கம்ப்யூட்டரில் மாட்டியிருந்தான். மறுநாளே போன் வந்தது. குரலிலேயே சூடு.

"தம்பி, பெட்டியில ஆறாயிரம்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கான். உள்ள நாலாயிரத்து எண்ணூறுதான் ஓடுதுன்னு என் தங்கச்சி மவன் பாத்துச் சொல்லுதான். நான் இருபத்திரண்டு காரட்னு முத்திரை அடிச்சுட்டு பதினெட்டு காரட்டக் குடுத்தா நீ சும்மா இருப்பியா?"

"இருக்க மாட்டேன் அண்ணாச்சி."

"அப்பம் நான் எதுக்குச் சும்மா இருக்கணும்? நாளைக்குக் கடை திறக்கதுக்கு முன்னால வந்துரு."

இந்தப் புகார் உங்களுக்கும் வரும். வாரத்துக்கு ஒன்றாவது வரும். மெமரி பெட்டியில் அச்சடித்த வேகத்தில் தானாக ஓடாது. எந்த மதர்போர்டில் செருகினாலும் எழுந்து நிற்கட்டும் என்பதற்காக, எல்லோருக்கும் பொதுவான ஒரு மெதுவான வேகத்தில்தான் அது தொடங்கும். அச்சடித்த வேகத்துக்கான விவரம் அந்த ஸ்டிக்குக்குள்ளேயே இருக்கும். கம்ப்யூட்டர் எழும்போது வரும் அமைப்புத் திரைக்குள் போய் யாராவது அதைத் தேர்ந்தெடுத்துச் சேமிக்க வேண்டும். தேர்ந்தெடுப்பது சின்ன வேலை, உங்கள் தம்பியே செய்துவிடுவான். அந்த வேகத்தில் அது விழாமல் நிற்கிறதா என்று பார்ப்பதுதான் நம் தொழில்.

மறுநாள் காலை போனபோது கடையின் ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது. உள்ளே பெருக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு டியூப்லைட் மட்டும் எரிந்தது. கடைசி மேசையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பெயர் செல்வி, ஊர் கோவில்பட்டிப் பக்கம். மூக்குத்தி கவுண்டரில் நிற்கத்தான் வேலைக்கு வந்தவள். சாயங்கால வகுப்புக்குப் போய்க் கம்ப்யூட்டரில் நகை வரையக் கற்றுக்கொண்டு, "கல்யாண நகை டிசைன வெளிய குடுக்காதீங்க அண்ணாச்சி, நானே பண்ணுதேன்" என்று அவரைச் சம்மதிக்க வைத்தவள். ஒரு ஒட்டியாணத்தில் எத்தனை கல் இருக்கும், ஒவ்வொரு கல்லும் வெளிச்சத்தில் எப்படி மின்னும் என்று கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுத் திரையில் காட்ட வேண்டும். பழைய மெமரி அதில் மூச்சுத் திணறியது. புதியது வேண்டும் என்று கேட்டு வாங்கியவளும் அவள்தான்.

அண்ணாச்சி சாவி எடுக்கப் போன நேரத்தில் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"அண்ணே, மதுரையிலருந்து ஒரு பொண்ணு வீட்டுக்காரங்க இன்னைக்கு மத்தியானம் வாராங்க. ஒட்டியாணத்தத் திரையில சுத்திக் காட்டணும். நடுவுல நின்னுச்சுன்னா அண்ணாச்சி டிசைனப் பழையபடி வெளிய குடுத்துருவாரு. என்னயத் திரும்ப மூக்குத்திக்கு அனுப்பிருவாரு."

"மூக்குத்தி கவுண்டர் என்ன அவ்வளவு மோசமா?"

"மோசமில்லண்ணே. ஆனா நான் இத வரைஞ்சுட்டேன்ல? வரைஞ்சதுக்கப்புறம் அங்க போய் எப்படி நிக்க?"

எனக்கு அது புரிந்தது. வீட்டில் முதலில் படித்தவர்களுக்கு ஒரு படி ஏறிவிட்டுத் திரும்ப இறங்குவது என்றால் என்ன என்று விளக்கத் தேவையில்லை.

அண்ணாச்சி இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து, செல்வியின் மேசைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கண்ணாடி ஷோகேஸின் பின்கதவைத் திறந்தார். அதற்குள்தான் சிபியூ இருந்தது. ஒரு காலத்தில் வளையல் அடுக்கி வைத்த பெட்டி. விலையுள்ள எதுவும் பூட்டில்லாத இடத்தில் இருக்கக் கூடாது என்பது அந்தக் கடையின் சட்டம். பின்னால் ஒரு ஓட்டை போட்டு, ஒயர்களை மட்டும் வெளியே மேசைக்குக் கொண்டு வந்திருந்தார்கள். எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு வேலையைத் தொடங்கினேன்.

ஆறாயிரத்தைத் தேர்ந்தெடுத்துச் சேமித்தேன். கம்ப்யூட்டர் அணைந்து மீண்டும் எழுந்தது. விசிறி சுற்றியது. திரை கருப்பாகவே இருந்தது.

இந்தக் கருப்புத் திரையை நீங்கள் தனியாகச் சந்திக்கப் போகிறீர்கள் என்பதால் இங்கே நிறுத்திச் சொல்கிறேன். புது வேகம் கொடுத்ததும் மதர்போர்டு ஒவ்வொரு ஸ்டிக்கோடும் பேசிப் பார்க்கிறது. இந்த வேகத்தில் சொன்னால் உனக்கு விளங்குகிறதா என்று கேட்டுக் கேட்டுச் சரிசெய்துகொள்கிறது. அது முடியும்வரை திரையில் ஒன்றும் வராது. நம்மைச் சுற்றி நிற்பவர்களுக்கோ அது பிணம்போலத் தெரியும். பொறுமை இழந்து சுவிட்சை அணைத்தால் அந்தப் பேச்சு முதலிலிருந்து தொடங்கும். அணைத்து அணைத்துப் போட்டு, மெமரி செத்துவிட்டது என்று நம்மிடம் திருப்பிக் கொண்டு வருகிறவர்கள் எத்தனை பேர் என்று கவுண்டரில் கேட்டுப் பாருங்கள்.

"என்னலே, செத்துப்போச்சா?" என்றார் அண்ணாச்சி.

"இல்ல அண்ணாச்சி. யோசிக்குது."

"யோசிக்கதுக்கு அது என்ன என் சம்பந்தியா?"

பெருக்கிக்கொண்டிருந்தவர்கள் துடைப்பத்தோடு வந்து நின்றார்கள். செல்வி நகத்தைக் கடித்தாள். அண்ணாச்சியின் கை சுவிட்சை நோக்கிப் போனது. நான் எழுந்து, சுவிட்சுக்கு முன்னால் போய் நின்றேன். மரியாதை கெட்ட காரியம்தான். வேறு வழியில்லை.

"அண்ணாச்சி, மூசையில தங்கம் உருகும்போது பாத்திரத்தைத் தட்டிப் பார்ப்பீங்களா?"

அவர் கையை இழுத்துக்கொண்டார். என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் ஒன்றும் செய்யாமல் நின்றோம். சொன்னால் நம்ப மாட்டீர்கள், வெளிவேலையில் மிகக் கஷ்டமான பகுதி இதுதான். கை சும்மா இருந்தால் வேலை தெரியாதவன் என்று நினைத்துவிடுவார்களோ என்று தோன்றும். எதையாவது தட்டலாமா, ஒயரைக் கழற்றி மாட்டலாமா என்று விரல் துடிக்கும். துடிக்கட்டும்.

திரை எழுந்தது. ஆறாயிரம் என்று காட்டியது. மெமரி டெஸ்ட்டை ஓடவிட்டேன். அவர்கள் பெருக்கி முடித்து, சாமி படத்துக்குப் பூ வைத்து, சாம்பிராணி காட்டும்வரை ஓடியது. ஒரு பிழைகூட இல்லை. அண்ணாச்சி திரையைப் போனில் படம் எடுத்துத் தங்கை மகனுக்கு அனுப்பினார். "பாத்தியா, ஆறாயிரம்" என்று அவரே வாங்கிக் கொடுத்ததுபோலப் பேசினார். ஷோகேஸைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகினார். நான் விடைபெற்றேன்.

பனகல் பூங்கா ஓரம் டீயை வாங்கி ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை, போன் அடித்தது. செல்வி.

"அண்ணே, பாதிக் கல்லு வந்துச்சு. அப்புறம் திரை நீலமாச்சு. தானா அணைஞ்சு தானா எந்திரிச்சுட்டு. மறுபடி போட்டேன், மறுபடி அதே மாதிரிதான்." குரல் உடைந்திருந்தது. "அண்ணாச்சி பாத்துட்டாரு."

திரும்பிப் போனேன். கடை இப்போது வேறு கடையாக இருந்தது. விளக்குகள் எல்லாம் எரிந்து, தங்கம் முழுவதும் பளபளத்தது. வாடிக்கையாளர்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அண்ணாச்சி சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"ஆறாயிரம் ஓடுதா?"

"ஓடுது அண்ணாச்சி."

"அப்பம் ஏன் விழுது?"

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். மேசையிலிருந்தபடியே டெஸ்ட்டை ஓடவிட்டேன். உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் சிவப்பு வரிகள் கொட்டின. காலையில் ஒரு பிழை இல்லாத அதே மெமரி, அதே வேகம்.

சாதிக்குக்குப் போன் செய்தேன். அவனை உங்களுக்குத் தெரியும். சிந்தாதிரிப்பேட்டைக்காரன், நம் கடையிலேயே வேகமான கை.

"இன்னா மச்சி, இன்னும் அங்கியேவா கீற?"

"காத்தால தப்பே இல்லாம ஓடுச்சுடா. இப்போ செவப்பாக் கொட்டுது."

"போர்டு சாஃப்ட்வேர் பழசா இருக்கும். அப்டேட் போட்டு வுட்டுடு."

"பொண்ணு வூட்டுக்காரங்க வந்துகினு கீறாங்க. நடுவுல கரண்ட் பூட்ச்சுன்னா போர்டே காலி."

"அப்ப நம்பர எறக்கிட்டு வந்துகினே இரு. நாலாயிரத்து எண்ணூறுல எதுவும் வுழாது."

"அண்ணாச்சி அத்த ஏமாத்துன்றாரு."

"அவரு சொல்றதயெல்லாம் கேட்டுகினு குந்தினா நாம எப்ப மச்சி வூடு போய்ச் சேர்றது?"

சாதிக் சொன்னது எதுவும் தவறு இல்லை. மேசைமேல் அந்தக் கம்ப்யூட்டர் இருந்திருந்தால் நானும் அதையெல்லாம் வரிசையாகச் செய்திருப்பேன். ஆனால் அவசரத்தில் திரும்ப எடுக்க முடியாத வேலை எதையும் செய்யக் கூடாது என்று எனக்கு நானே ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன். போர்டின் சாஃப்ட்வேரைத் தொடுவது அப்படிப்பட்ட வேலை. நம்பரை இறக்கிவிட்டுப் போவது எப்போது வேண்டுமானாலும் முடியும். ஆனால் அப்படிப் போனால், ஏன் விழுந்தது என்று தெரியாமலே போகிறேன். நாளைக்கு மெதுவான வேகத்திலும் விழுந்தால் செல்வியின் மேசைக்கு யார் பதில் சொல்வது?

அதனால் கீபோர்டிலிருந்து கையை எடுத்தேன். எதை மாற்றலாம் என்று யோசிப்பதை நிறுத்தினேன். காலைக்கும் இப்போதைக்கும் நடுவில் ஏற்கெனவே எது மாறியிருக்கிறது என்று யோசித்தேன். நான் எதையும் மாற்றவில்லை. செல்வியும் மாற்றவில்லை. நாற்காலியைப் பின்னால் தள்ளி எழும்போது தடுமாறி, ஷோகேஸ் கண்ணாடியில் உள்ளங்கையை ஊன்றினேன்.

உடனே கையை எடுத்துவிட்டேன். சுட்டது.

அப்போதுதான் மேலே பார்த்தேன். ஷோகேஸின் உள்பக்கக் கூரையில் பழைய மஞ்சள் விளக்குகள் வரிசையாக எரிந்துகொண்டிருந்தன. தங்கத்துக்கு அந்த மஞ்சள் வெளிச்சம்தான் எடுப்பு என்று வளையல் காலத்தில் போட்டவை. கடை திறந்து வரிசைக்கு விளக்குப் போட்டதும் அதுவும் சேர்ந்து எரிகிறது. கதவு பூட்டியிருக்கிறது. உள்ளே இருப்பது வளையலாக இருந்தால் அதற்கு வேர்க்காது. மூச்சுவிட வேண்டிய ஒரு கம்ப்யூட்டர் அதற்குள் இருந்தது. புதிய மெமரி வேகமாக ஓடும்போது சூட்டுக்குக் கூச்சப்படும். எழுதி வைத்ததை மறக்கத் தொடங்கும். காலையில் நான் டெஸ்ட் செய்தபோது பின்கதவு திறந்திருந்தது, விளக்கு எரியவில்லை.

"அண்ணாச்சி, இந்த விளக்க அணைக்கணும்."

கடையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வளையல் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர் கையை அப்படியே நிறுத்தினார்.

"என்னது? கடை திறந்திருக்கப்ப விளக்க அணைக்கதா? கல்யாண வீடு வார நாள்ல?" அண்ணாச்சியின் முகம் சிவந்தது. "இந்த வரிசை பூராவும் ஒரே சுவிட்சு. அத அணைச்சா பாதிக் கடை இருட்டாயிரும். ஏலே, நீ மெமரிக்காரனா, இல்ல எதிர்க் கடைக்காரன் அனுப்பி வச்ச ஆளா?"

"அப்போ பெட்டிய வெளிய எடுத்துரலாம் அண்ணாச்சி."

"பூட்டாமயா?"

"பூட்டாம."

"பட்டப்பகல்ல, ஆளு வந்து போற இடத்துல!"

இங்கே நான் சூட்டைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்திருக்கலாம். நம்மில் பலரும் செய்கிற தப்பு அது. பயந்திருக்கிற ஆளுக்கு விளக்கம் காதில் ஏறாது. "சாவியக் குடுக்க வேண்டாம் அண்ணாச்சி, நீங்களே திறங்க. கைய மட்டும் உள்ள விட்டுப் பாருங்க" என்றேன்.

திறந்தார். கையை விட்டார். வெடுக்கென்று எடுத்தார்.

"என்னலே இது, இட்லிச் சட்டி கணக்கா கெடக்கு."

"காலைல நான் உரசிப் பார்த்தேன் அண்ணாச்சி. சரியாத்தான் இருந்துச்சு. ஆனா கதவத் திறந்து வச்சுப் பார்த்தேன். நீங்க வைக்கப்போற மாதிரி பூட்டி, விளக்கு போட்டுப் பார்க்கல. அது என் பக்கத்துக் குறை."

உரைகல் அவர் மேசையிலேயே இருந்தது. முத்திரை இருந்தாலும் வருகிற நகை ஒவ்வொன்றையும் அதில் உரசிப் பார்க்கிற மனிதர். கொஞ்ச நேரம் ஷோகேஸையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, விற்பனையாளர் ஒருவரைக் கூப்பிட்டார்.

"ஏ முருகா, உன் சைக்கிள் சங்கிலியக் கொண்டா."

சிபியூவை வெளியே எடுத்து, செல்வியின் மேசைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் வைத்தோம். அண்ணாச்சி சைக்கிள் சங்கிலியைத் தானே அதன் கைப்பிடியில் கோத்து, மேசையின் இரும்புக் காலோடு சேர்த்துப் பூட்டினார். பலமாக இழுத்துப் பார்த்தார். "இனி தூக்குறவன் மேசையோட தூக்கட்டும்" என்று சாவியை இடுப்பில் செருகினார்.

சூடு இறங்கியதும் ஆறாயிரத்தில் டெஸ்ட்டைப் புதிதாகத் தொடங்கினேன். இந்த முறை முழு டெஸ்ட். கடை விளக்கெல்லாம் எரிய, ஆள் நடமாட, அது உண்மையில் இருக்கப்போகிற இடத்திலேயே. சிவப்பு வரவில்லை. பாதியை நெருங்கியது. அப்போதும் வரவில்லை. செல்வி மூச்சை விட்டுச் சிரித்தாள்.

அந்த நேரம் பார்த்து வாசலில் கார் வந்து நின்றது. மதுரைக்காரர்கள் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார்கள். மணப்பெண், அம்மா, தாய்மாமன். அண்ணாச்சி கும்பிட்டு உட்கார வைத்தார். கலர் வாங்கிவரச் சொன்னார். பிறகு என் காதோடு குனிந்தார்.

"செவப்பு வரலைல்லா? அத நிறுத்திட்டுப் படத்தக் காட்டு."

என் வேலை நாட்களிலேயே நான் அதிகம் நினைத்துப் பார்க்கும் இடம் இது. ஆறாயிரத்தில் அது நின்றிருக்கும் என்றுதான் என் மனது சொன்னது. காரணம் கண்டுபிடித்தாகிவிட்டது, பாதி டெஸ்ட்டும் ஓடிவிட்டது. ஆனால் விழுந்தால் கீழே போவது செல்வி. நான் பைக்கை எடுத்துக்கொண்டு மயிலாப்பூர் வந்துவிடுவேன். அவள் மூக்குத்தி கவுண்டருக்குப் போவாள். என் நம்பிக்கைக்கு இன்னொருவரின் நாற்காலியைப் பணயம் வைக்க எனக்கு என்ன உரிமை?

"அண்ணாச்சி, இப்போ நாலாயிரத்து எண்ணூறுல காட்டுவோம். சுத்துறது கொஞ்சம் மெதுவா இருக்கும். விழாது. அவங்க போனப்புறம் ஆறாயிரத்த நான் முழுசா முடிச்சுக் குடுத்துட்டுத்தான் கிளம்புவேன்."

ஏமாற்று என்று போனில் அவரே கத்திய அதே எண். அவர் தாடை இறுகியது. நான் செல்வியைப் பார்த்தேன். அவள் திரையை ஒரு முறை பார்த்துவிட்டு, மெல்லச் சொன்னாள்.

"மெதுவா சுத்துனா ஒவ்வொரு கல்லா நல்லாத் தெரியும் அண்ணாச்சி."

அவர் தலையை ஒரு அங்குலம் அசைத்தார். அதுபோதும் எனக்கு. டெஸ்ட்டை நிறுத்தி, வேகத்தை இறக்கி, சேமித்தேன். கம்ப்யூட்டர் அணைந்து எழுந்தது. திரை கருப்பு. கல்யாண வீட்டுக்கு முன்னால் கருப்பு.

கலர் பாட்டிலை உறிஞ்சிக்கொண்டிருந்த தாய்மாமன் ஸ்ட்ராவை எடுத்தார்.

"என்ன அண்ணாச்சி, கம்ப்யூட்டரு படுத்துருச்சா? வேற கடைல எல்லாம் டக்குன்னு காட்டுறாய்ங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணாச்சி கையமர்த்தினார்.

"மூசையில தங்கம் உருகுறப்பத் தட்டிப் பாப்பாகளா? பொறுங்க. அது யோசிக்குது."

செல்வி குனிந்து சிரிப்பை மறைத்தாள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நேராக நின்றேன். அந்தக் கருப்புத் திரைக்கு முன்னால் நின்ற அளவுக்குப் பெருமையாக நான் வேறெங்கும் நின்றதில்லை.

திரை வந்தது. ஒட்டியாணம் வந்தது. நடுவில் இரண்டு மயில்கள், அவற்றின் தோகையிலிருந்து இரண்டு பக்கமும் ஓடும் சிவப்புக் கல் வரிசை. அது மெதுவாக, நிஜமாகவே மெதுவாக, சுற்றியது. மணப்பெண் அதுவரை அம்மாவின் தோளில் சாய்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, அங்க நிறுத்துங்க. தோகை முடியிற எடத்துல மட்டும் பச்சைக் கல்லு வச்சா எப்படி இருக்கும்?"

செல்வியின் விரல்கள் ஓடின. தோகையின் நுனி ஒவ்வொன்றாகப் பச்சையானது. ஒரு தடவைகூட நிற்கவில்லை. அந்த அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் வந்தார்.

"இத எங்க குடுத்து வரையிறீங்க அண்ணாச்சி?"

"எங்கயும் குடுக்கலம்மா." அவர் குரலில் சங்கிலியை இழுத்துப் பார்த்தபோது இருந்த அதே உறுதி. "நம்ம கடையிலயே வரையிறது. இந்தப் பிள்ளதான்."

அவர்கள் ஒட்டியாணத்தோடு, மேல்கையில் போடும் வங்கியும் அதே மயிலில் வரைந்து காட்டச் சொல்லிவிட்டுப் போனார்கள். போனதும் நான் ஆறாயிரத்தைத் திரும்ப ஏற்றினேன். மறுபடி கருப்புத் திரை. இந்த முறை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. முழு டெஸ்ட் முடிய நேரமானது. அதற்குள் சாதிக் இரண்டு முறை கூப்பிட்டு, "இன்னா மச்சி, அங்கியே மாப்பிள்ளையாப் பூட்டியா?" என்று கேட்டான். கடை நிறைந்து, விளக்கெல்லாம் எரிந்துகொண்டிருக்க, பிழை இல்லாமல் முடிந்தது. செல்வி ஒட்டியாணத்தை முழு வேகத்தில் ஒரு முறை சுற்றவிட்டாள். மயில்கள் பறந்துவிடும்போல இருந்தது. அண்ணாச்சி பார்த்துவிட்டு, "இது வேகம்தான். ஆனா அந்த மெதுவுதான் நல்லாருந்துச்சு" என்றார்.

நீங்கள் போகும் இடமெல்லாம் நகைக்கடையாக இருக்காது. கொட்டிவாக்கத்தில் ஒருவர் சிபியூவைத் துணி அலமாரிக்குள் வைத்திருப்பார். மயிலாப்பூரில் ஒரு மாமி, "தூசி படறதேன்னு ஆத்துல எல்லாத்துக்கும் உறை தைச்சுப் போட்டுண்டு வரேன்" என்று ஓடுகிற கம்ப்யூட்டருக்கும் பூப்போட்ட உறை மாட்டியிருப்பார். யாரையும் பார்த்துச் சிரிக்காதீர்கள். அவரவருக்கு அவரவர் பொருளைக் காப்பாற்றத் தெரிந்த வழி அது. அந்த வழிக்குள் நம் மெமரி எப்படி ஓடும் என்று அங்கேயே நின்று ஓட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள். பெட்டியில் போட்ட எண்ணைத் திரையில் காட்டுவது யாராலும் முடியும். அந்த எண்ணை நம்பி ஒருவர் தன் வேலையை வைக்கலாம் என்று சொல்லிவிட்டு வருவதற்குத்தான் ஆள் வேண்டும். அந்த ஆளாக நான் ஒரு நாள் இருந்தேன்.

போன மாதம் அந்தச் சந்து வழியாகப் போனபோது உள்ளே நுழைந்தேன். செல்விக்கு இப்போது பெரிய மேசை, இரண்டு திரை. சிபியூ மேசைமேல் காற்றோட்டமாக இருக்கிறது. சைக்கிள் சங்கிலி மட்டும் அப்படியே இருக்கிறது. அதற்குச் சந்தனப் பொட்டு வேறு வைத்திருக்கிறார்கள்.

பழைய வளையல் ஷோகேஸில் மஞ்சள் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. கதவு பூட்டியிருந்தது. உள்ளே சிவப்பு வெல்வெட் துணி விரித்து, நடுவில், நம்மிடம் வாங்கிய மெமரியின் காலிப் பெட்டியை நிறுத்தி வைத்திருந்தார் அண்ணாச்சி. ஆறாயிரம் என்ற எழுத்து வாசலைப் பார்த்தபடி தங்கம்போல மின்னியது.

நான் பார்த்துக்கொண்டே நின்றேன். செல்வி பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்.

"தினமும் ஒருத்தராவது அதுக்கு விலை கேக்காங்கண்ணே. அண்ணாச்சி குடுக்க மாட்டேங்காரு."